காருக்குத்தான் டிக்கெட்

பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடலுக்கடியில் காரை ஏற்றிப்போகிற அந்த ரயிலில் டிக்கெட் காருக்குத்தான், ஆளுக்கில்லை. உள்ளே ஒருவர் இருந்தாலும் ஒரே விலை, ஐந்து பேர் இருந்தாலும் அதே விலை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இது தெரியாத ஆளே கிடையாது. லண்டனுக்குக் கார் எடுக்கிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், பின் சீற்றுக்கு ஆள் வந்து நிற்கும். தயாளினி வாயைத் திறக்கவில்லை. திறந்தது அவள் புருசன் சேந்தன். வந்து நின்றவர் வரதராசா.

உலகத்தில் யாரை உன் காரில் ஏற்றவே மாட்டாய் என்று கேட்டிருந்தால், தயாளினி மூச்சு விடாமல் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். அவர்கள் போவது அவளுடைய அண்ணன் கரிகாலனின் செத்தவீட்டுக்கு. நாற்பத்தொரு வயதில், போன செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போக சப்பாத்துக் கட்டியபடியே லண்டனில் சாய்ந்து போனான். அவனைப் பாரிஸை விட்டுத் துரத்தியது இந்த வரதராசாதான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், 2004இல், கரிகாலன் பியட்றிஸை மேரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தான். பியட்றிஸ் வீட்டில் இவர்களின் ஆட்கள் சாதி பார்த்துக் கைநனைப்பதில்லை. ஊர்ச்சங்கத்தின் தலைவர் வரதராசாவுக்கு அது பொறுக்கவில்லை. ஃபோபூர் சென் தெனி தெருவில், தன் மளிகைக் கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமைச் சனத்துக்கு நடுவில், காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி அவனுடைய முகத்தில் அடித்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை. சலூன்காரனும் புடவைக்கடைக்காரனும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருத்தன்கூட அவருடைய கையைப் பிடிக்கவில்லை. அந்த வாரமே லண்டனுக்குப் போன கரிகாலன் அதன்பிறகு பாரிஸில் கால் வைக்கவேயில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்குக்கூட வரவில்லை.

அன்றைக்கு அங்கே நின்று பார்த்தவர்களில் சேந்தனும் ஒருவன். கலியாணத்துக்குப் பிறகுதான் அது தயாளினிக்குத் தெரியவந்தது. சனமெல்லாம் நிற்கும்போது தான் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டான். அவளும் அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வரதராசா போவது சும்மா முகம் காட்டிவிட்டு வர அல்ல. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரங்கல் உரை நிகழ்த்த. சங்கத்தின் லண்டன் கிளை அச்சடித்த அறிவித்தலில் அவருடைய பெயர்தான் முதலில் இருந்தது. பியட்றிஸிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஆள் என் அண்ணனின் உடம்புக்கு மேல் வாய் திறக்கக் கூடாது என்று தயாளினி மூன்று நாளாகச் சேந்தனிடம் மன்றாடினாள். சங்கத்தைப் பகைத்துக்கொண்டு எப்படி லா சப்பலில் நடமாடுவது என்று அவன் மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னான்.

விடிகாலை திரான்சி வீட்டிலிருந்து தயாளினி காரை ஓட்டிவந்து அந்த மளிகைக் கடை வாசலில் நிறுத்தினாள், சேந்தன் பக்கத்துச் சீற்றில். வரதராசா சரியாக அதே இடத்தில்தான் நின்றார். கறுப்புக் கோட், அரைப் போத்தல் சென்ட். ஏறியதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அந்தச் சப்பாத்துகள் தன் முதுகுக்குப் பின்னால் கிடக்கின்றன என்று தயாளினி தன் சீற்றை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒரு மணித்தியாலத்தில் பையைத் திறந்து மட்டன் ரோல்ஸ் எடுத்தார். செத்தவீட்டுக்குப் போகிற வழியில், பிரேதம் இன்னும் எரியவில்லை, இந்த மனிதன் மட்டன் ரோல்ஸ் தின்கிறான். சேந்தனுக்கும் ஒன்றை நீட்ட, அவனும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு போனான். தின்று முடித்த விரல்களை வரதராசா சீற் துணியில் துடைத்தார். பிறகு தொண்டையைக் காறிக் காறிச் சரிசெய்து, தாள்களை எடுத்து உரையைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். "கரிகாலா" என்று இழுப்பார். குரல் சரியாக உடையவில்லை என்று மறுபடி முதலிலிருந்து இழுப்பார். ரயில் ஏறும் கலே நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் அண்ணன் பதினைந்து தடவை அழைக்கப்பட்டுவிட்டான்.

கலேயில் கடவுச்சீட்டுகளைக் காட்டியதும், எந்த ரயில் என்று தெரிவதற்காகக் கண்ணாடியில் தொங்கவிட ஒரு எழுத்து அட்டை கொடுத்தார்கள். வரிசையில் காத்திருந்தபோது வரதராசா அதைக் கழற்றி வாங்கி, அதன் முனையால் பல்லைக் குத்தினார். குத்திவிட்டு, பிள்ளை, இதைத் திரும்பக் கொழுவிவிடு என்று நீட்டினார். முனையில் இறைச்சி நார் ஒட்டியிருந்தது. தயாளினி இரண்டு விரலால் வாங்கித் தொங்கவிட்டாள். அது கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டேயிருந்தது.

பிறகு ரயிலுக்குள் ஏறினார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமான நீளத் தகரப் பெட்டிக்குள் போய் நின்றன. கதவுகள் மூடின. எஞ்சினை நிறுத்து, பிரேக்கைப் போடு, கண்ணாடியைப் பாதி இறக்கு என்றார்கள். அவரவர் காருக்குள்ளேயே முப்பத்தைந்து நிமிடம் இருக்க வேண்டும். கண்ணாடி இறங்கியும் மட்டன் மணமும் சென்டும் காலுறை வாடையும் இறங்குவதாக இல்லை. தலைக்கு மேலே முழுக் கடலும் கிடக்கிறது, ஒரு சொட்டு இந்த அசிங்கத்தைக் கழுவ உதவாது என்று தயாளினி நினைத்தாள்.

ரோல்ஸ் வயிற்றைக் கலக்கியதோ என்னவோ, பாதி வழியில் வரதராசா மலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். சில பெட்டிகள் தள்ளி இருக்கிறது என்று சேந்தன் இறங்கி நின்று மரியாதையாகக் கைகாட்டினான். கோட்டையும், சார்ஜில் கிடந்த போனையும், தாள்களையும் சீற்றில் விட்டுவிட்டு அவர் போனார்.

தயாளினி கையைப் பின்னால் நீட்டித் தாள்களை எடுத்தாள். கரிகாலனைத் தன் கையாலேயே தூக்கி வளர்த்ததாக எழுதியிருந்தார். அவனுடைய கலியாணத்தை முதல் ஆளாக நின்று வாழ்த்தியவன் தான் என்று எழுதியிருந்தார். பந்திக்குப் பந்தி சிவப்புப் பேனாவால் குறிப்புகள். "நிறுத்தம்." "நிறுத்தம், கண்ணைத் துடைக்க." அவளுக்கு வாயில் கசப்பு ஊறியது. துப்ப இடமில்லை. தாள்களைச் சேந்தனின் மடியில் எறிந்தாள். அவன் வாசித்தான். வாசித்து முடித்து அடுக்கி வைத்துக்கொண்டான்.

ரயில் இங்கிலாந்து வெளிச்சத்துக்குள் வந்து நின்றது. பெட்டியின் தடுப்புகள் மேலே ஏறின. முன்னால் நின்ற வான் கிளம்பியது. ஊழியர் கையை அசைத்து அடுத்து நீ வா என்றார்.

"தயா, நில்லும். அண்ணை இன்னும் வரேல்லை."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவனுக்குப் பின்னால் பெட்டி நிறையக் கார்கள். ஊழியர் இன்னொரு முறை கையை அசைத்தார். தயாளினி எஞ்சினை எழுப்பிக் காரை எடுத்தாள். அந்தப் பக்கம் இறங்கினால் நேரே நெடுஞ்சாலைதான். சோதனை இல்லை, நிற்க இடமில்லை, ரயிலுக்குத் திரும்ப வழியும் இல்லை. இது அவளுக்கு முன்னமே தெரியும்.

அடுத்த சந்தியில் திருப்பச் சொல்லிச் சேந்தன் கெஞ்சினான். போனும் இல்லாமல் அந்த மனிதர் எங்கே நிற்பார் என்று கேட்டான். பதினொரு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள், திரும்பப் போனால் நான் அண்ணனின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் நான்கு கண்ணாடியையும் முழுதாக இறக்கினாள். அட்டையைக் கழற்றி வெளியே வீசினாள். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

"ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றான் சேந்தன்.

"நீங்கள் எண்டைக்கும் இதைத்தானே கேக்கிறனீங்கள்."

மண்டபத்தில் கரிகாலன் வெள்ளைச் சட்டையில் கிடந்தான். தயாளினி அவனுடைய கன்னத்தைத் தொட்டாள். சப்பாத்தடி வாங்கிய அந்தக் கன்னம்தான். அண்ணா, அவர் வரமாட்டார் என்று காதுக்குள் சொன்னாள். பியட்றிஸின் பக்கத்தில் போயிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒலிவாங்கியில், பாரிஸிலிருந்து வருகை தந்திருக்கும் திரு. வரதராசா அவர்கள் என்று அழைத்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் அழைத்தார்கள். தயாளினிக்கு அந்த அமைதி இனித்தது.

அப்போது பக்கத்துக் கதிரை அசைந்தது. சேந்தன் எழும்பி முன்னால் போனான். தவிர்க்க முடியாத காரணத்தால் அண்ணை வர முடியவில்லை, அவருடைய உரையை நான் வாசிக்கிறேன் என்றான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தான். கார்க் கண்ணாடிகள் நான்கும் திறந்திருந்தன, அட்டையை வீசிய அவளுக்குத் தாள்களை வீசத் தோன்றவில்லை.

"கரிகாலா" என்று தொடங்கினான். என் கையால் தூக்கி வளர்த்தேன் என்றான். முதல் ஆளாக நின்று வாழ்த்தினேன் என்றான். பியட்றிஸின் கை தயாளினியின் கைக்குள் விறைத்துப்போனது. சிவப்புக் குறிப்பு வந்த இடத்தில் சேந்தன் நிறுத்தினான். அடுத்த குறிப்பில் நிறுத்தி, கண்ணையும் துடைத்தான்.

பெட்டி திரைக்குப் பின்னால் போகும்வரை தயாளினி நின்றாள். பிறகு வெளியே வந்து, காரிலிருந்த கோட்டையும் போனையும் சப்பாத்துகளையும் எடுத்தாள். மலகூடத்துக்குக் காலுறையோடேயே போயிருக்கிறது அந்தச் சீவன். அவற்றோடு அவருடையதும் சேந்தனுடையதுமான இரண்டு கடவுச்சீட்டுகளையும் சேர்த்துச் சேந்தனின் கைகளில் வைத்தாள்.

"நீங்கள் அவரோடை வாங்கோ."

அவன் சப்பாத்துகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

பின்னேரம், பாரிஸுக்குத் திரும்பும் வழியில், ரயிலடியில் கூண்டுக்குள் இருந்த அதிகாரி தலையை நீட்டிப் பின் சீற்றைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லையா என்று கேட்டாள். தயாளினி இல்லை என்றாள். அதிகாரி அட்டையை நீட்டினாள். ஒருவருக்கும் அதே விலைதான்.