பெனடிக்றின் பெயரை இரண்டு இடத்தில் வைத்தேன்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மீனவர் சங்கத்துப் படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்று கரையிலிருந்து பார்க்க, பைதனில் ஒரு புரோகிராம் எழுதினேன். முதல் சோதனை என் தம்பியின் படகில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது நிற்குமிடம் வரும். அந்தக் கடைசி இடத்தை வைத்திருந்த மாறிக்கு அவன் பெயரையே தமிழில் போட்டேன்: பெனடிக்ற். கோப்பில் எழுதி வைப்பதைப் பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

சிக்னல் பழுதாக வந்தால் புரோகிராம் நின்றுவிடக் கூடாது. அந்தப் பிழையைப் பிடித்து வைக்கவும் ஒரு பெயர் வேண்டும். தம்பி பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கும் உன்ர பேர்தான். இந்த வீட்டில எந்தப் பிழை எண்டாலும் நீதானே."

"ஓம் அக்கா, போடுங்கோ. பிழை எண்டால் நான்தான்."

பகிடிதானே, சிரித்தோம். பிறகு மாற்றலாம் என்றிருந்தேன், மறந்துபோனேன்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி கடலில் நிற்கும்போது சோழகக் காற்று திடீரென்று முறுகியது. மூன்று மணிக்கு ஒரு சிக்னல் உடைந்து வந்தது. பிழை அவன் பெயரில் ஏறியது. அதிலிருந்த இடம் அழிந்தது. பிழையைக் கையாண்டு முடிந்ததும், அதைப் பிடித்திருந்த பெயரைப் பைதன் தானாகவே அழித்துவிடும். நினைவகத்தில் வீணாக எதுவும் தங்கக் கூடாதாம். எனக்குத் தெரிந்த விதிதான். பாடமாக்கிச் சோதனையும் பாஸானவள் நான்!

அதன்பின் சிக்னல் வரவேயில்லை.

சங்கத் தலைவர் சாஹுல் ஹமீட் காக்கா கரையிலிருந்து போன் எடுத்தார். "பிள்ளை, தம்பி கடைசியா எங்க நிண்டவர்? கெதியாச் சொல்லுங்கோ, ஆறு போட் தயாரா நிக்குது."

அவன் பெயரை அடித்தேன். அப்படியொரு பெயர் இல்லை என்றது திரை. மறுபடி அடித்தேன். இல்லை.

"தெரியாது காக்கா," என்றேன். ஆறு படகும் ஆறு பக்கம் போயின.

ஐந்தாம் நாள் படகு மட்டும் கிடைத்தது. அன்றைக்கு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் புரோகிராம் விளங்கவில்லை. பகிடி மட்டும் விளங்கியது.

"அவன் சிரிச்சவனோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மா."

"அப்ப அழாத," என்று சொல்லி என் தலையைத் தடவினா. அம்மா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.