பால்குடக்காரியின் முதுகு

செத்துப்போன மனுஷன் போய்த் தொலைய வேண்டியதுதானே? என் புருஷன் விமலன் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், ஜன்னலோர மேசையில், கடைசியாகப் பிடித்து வைத்த பொம்மைக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தினார்.

எங்கள் பிழைப்பே சின்னப் பொம்மைகள்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற காவடிக்காரர், நாதஸ்வரக்காரர், பால்குடம் சுமக்கும் பெண். அவர் காயாமல் மெத்தென்றே இருக்கும் எண்ணெய்க் களிமண்ணில் பிடிப்பார். நான் அச்செடுத்து பிளாஸ்டரில் வார்ப்பேன். அச்சுக்கென்றே விற்கும் ரப்பரின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. சிங்க் ஓரத்து இடுக்கை அடைக்க ஹார்ட்வேர் கடையில் சிலிக்கோன் விற்கிறார்களே, அதைப் பிதுக்கி, சோள மாவு சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து பொம்மையைச் சுற்றி அப்பினால் போதும். வீடு முழுக்க வினிகர் வாடை அடிக்கும். இறுகியதும் பிளேடால் ஒரு பக்கம் கீறிப் பொம்மையை வெளியே எடுத்துவிட்டால் அச்சு தயார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொம்மையானாலும் முதுகில் கட்டைவிரலை அழுத்தி ரேகையைப் பதித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சாமிக்குப் பால்குடம் எடுக்கிறவ முதுகுல உங்க கைரேகை எதுக்குங்க?"

"இருந்துட்டுப் போகட்டும்லா. முதுகை எவன் பார்க்கப் போறான்?"

நான் விடுவேனா? அச்செடுக்கும் முன் விரலில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவேன். அதனால் வீட்டில் கிடக்கும் எந்த அச்சிலும் அவர் இல்லை. பூச்சோங் சாலையில், மழையில், லோரி மோதி அவர் போனபோது ரேகையோடு மிஞ்சியது மேசையில் நின்ற அந்த ஒரே பால்குடக்காரிதான்.

காலையில் அவளை என் பக்கம் பார்த்து வைப்பேன். மதியத்துக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் ஓடும் ரயிலின் அதிர்வில் மேசையில் இருப்பதெல்லாம் நகரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவள் மட்டும் ஏன் எப்போதும் முதுகையே காட்ட வேண்டும்? "என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். பட்டப்பகலிலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கிள்ளானில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் சீதாலெட்சுமி அக்கா போன் செய்தார்.

"தைப்பூசம் வருதுலா புனிதா. விமலன் கடைசியா செஞ்ச அந்தப் பால்குடத்தை அச்செடுத்துக் குடேன்."

"முடியாதுக்கா. அது மெத்துன்னு இருக்கிற களிமண்ணு. அச்சைப் பிரிச்சா பிஞ்சிடும்."

"வெச்சிருந்தா மட்டும் நிக்குமா, இந்த வெயில்ல?"

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். குடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதுகில் ரேகையின் ஓரம் மழுங்கத் தொடங்கியிருந்தது. அப்படியே விட்டால் ரேகை போய்விடும். அச்செடுத்தால் அவர் கைபட்ட மண் போய்விடும். ரேகையாவது தங்கட்டும் என்று சிலிக்கோன் குழாயை எடுத்தேன்.

பழக்கதோஷம், விரல் தானாகவே எண்ணெயைத் தொட்டுக்கொண்டு அவள் முதுகுக்குப் போய்விட்டது. படுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அப்புறம் எண்ணெயே இல்லாமல் சிலிக்கோன் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பினேன்.

பிரித்தபோது நான் பயந்ததுதான் நடந்தது. தலையும் குடமும் பிய்ந்து அச்சிலேயே நின்றுவிட்டன. பல்குச்சியால் நோண்டி எடுத்ததும் கையில் மிஞ்சியது ஓர் உருண்டை மண். ஓவென்று அழுதேன்.

பிறகு அச்சைக் கட்டி, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் முதல் பொம்மையை எடுத்தேன். முதுகில் ரேகை தெளிவாக இருந்தது. தடவிப் பார்த்தேன். அவர் தொட்டுவிட்டுப் போன பள்ளம், அவ்வளவுதான். இதற்காகவா அவளைப் பிய்த்துப் போட்டேன் என்று ஆத்திரம் வந்தது.

உள்ளே ஒட்டியிருந்த துகளைத் துடைக்க அச்சைத் திறந்து கட்டைவிரலை விட்டேன். உள்ளேயிருந்து ஒரு விரல் என் விரலைத் தொட்டது.

கையை உதறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். நின்று யோசித்த பிறகே விளங்கியது. மண்ணில் பள்ளமாக விழுந்த கட்டைவிரல் அச்சுக்குள் மேடாக எழுந்திருக்கிறது. வரிவரியாக, கத்தி வெட்டிய பழைய தழும்போடு. சிலிக்கோன் தோல்போல மெத்தென்று இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடு கிளம்பும். அந்தச் சூடு வேறு அதில் தங்கியிருந்தது. மறுபடியும் உட்கார்ந்து விரலோடு விரல் வைத்தேன்.

"வந்துட்டீங்களா?" என்றேன்.

சற்று நேரத்தில் அது ஆறிப்போனது. ஆறிப்போன அந்த விரலை நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் பிடித்தவள். இன்னொரு தடவை என்னால் முடியாது. உடனே எழுந்து மறுபடியும் பிளாஸ்டரைக் கரைத்தேன்.

சீதாலெட்சுமி அக்கா கேட்டதற்கு மேலேயே பால்குடக்காரிகள் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "போதும்லா புனிதா, தைப்பூசமே முடிஞ்சிருச்சு" என்கிறார். மலிவு அச்சு நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு வார்ப்பும் உள்ளேயிருந்து கொஞ்சம் உரித்துக்கொண்டுதான் வெளியே வரும். தழும்பு போய்விட்டது. நடுவில் சில வரிகள் மட்டும் மிச்சம். இத்தோடு நிறுத்தி அச்சைப் பத்திரமாக எடுத்து வைத்தால் அவை அப்படியே இருக்கும், சில்லென்று. எனக்கு அது தெரியாமல் இல்லை.

இதோ, அடுத்த கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.