கூட்டாட்சிக்கு ஒரு மோட்டார்

மோட்டார் ஏன் எரிந்தது என்று மாகாண அரசு கேட்டிருந்தது. பழசாகிவிட்டது, எரிந்தது என்று நகராட்சி பதில் எழுதியது. பழசாகும் வரை ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதைப் படித்ததும்தான் நகராட்சித் தலைவி, இனிக் கடிதம் எழுதிப் பயனில்லை, நேரில் போய் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தலைநகருக்குக் கிளம்பினாள்.

போன இடத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. குடிநீர்த் துறைத் துணைச் செயலாளரின் அறை வாசலில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. "ஐயா முக்கியமான வேலையா இருக்காரு, உக்காருங்கம்மா" என்று வாசல் உதவியாளர் சொல்லிவிட்டு, அவளை அங்கே வைத்ததையே மறந்துபோனார்.

அவள் கேட்டு வந்தது பிச்சை இல்லை. மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் போய்விட்டது. புதிது வாங்க நகராட்சியிடமே பணம் இருக்கிறது. ஊரார் கட்டிய வரி. ஆனால் சொந்தப் பணத்தில் சொந்த ஊருக்கு மோட்டார் வாங்க மாகாணத்தின் அனுமதி வேண்டும். கேட்டால் அதற்குப் பெயர் நிர்வாகமாம். பிரசவ ஆஸ்பத்திரி இருப்பதோ அந்த மேட்டில்தான். வலியோடு வருகிறவர்களை, தண்ணீர் இல்லை, அடுத்த ஊருக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். முந்தின நாள் ஒருத்தி பாதி வழியில் வேனிலேயே பெற்றுவிட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. அடுத்தவளும் பிழைப்பாள் என்று யார் எழுதிக் கொடுப்பது?

கைபேசி அடித்தது. நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை என்பதோடு, மேட்டுத் தெரு வார்டு உறுப்பினரும் அவள்தான்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால மூடிக் கிடக்கற கிணத்தைத் திறந்துடலாமா? தண்ணிய சோதிச்சுப் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. ஒரு சின்ன பம்பு கூட கிடைச்சிருச்சு. ஆளுங்களும் ரெடி. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே. கிணறு நகராட்சி சொத்து. நீ பாட்டுக்குத் திறந்துட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது? கூட்டத்துல வெச்சுப் பேசி முடிவு பண்ணலாம்."

"கூட்டம் எப்போ அண்ணி?"

"வந்து சொல்றேன், போனை வை. இங்க நானே எரிச்சல்ல இருக்கேன்."

வெயில் உச்சிக்கு வந்தபோது அவளுடைய பொறுமை போய்விட்டது. உதவியாளர் டீ வாங்கப் போன சமயம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

துணைச் செயலாளர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தரையெங்கும் கசக்கிப் போட்ட காகிதம். மத்திய அரசு அரசியலமைப்பைத் திருத்தப் போகிறது. எந்த அதிகாரம் மத்தியில் இருக்க வேண்டும், எது மாகாணத்திடம் இருக்க வேண்டும் என்று மாகாணங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்று பிற்பகல் முதலமைச்சர் சட்டசபையில் அதைப் பற்றி முழங்க வேண்டும். முழக்கத்தை எழுதித் தர வேண்டியவர் இவர். ஊரெல்லாம் குழாய் காய்ந்து கிடக்க, குடிநீர்த் துறைக்காரர் மேடைப்பேச்சு எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று அவரைப் பிடித்துப் போட்டிருந்தார்களாம்.

"யாரும்மா நீங்க? மோட்டாரா? அப்புறம் பாக்கலாம்மா. நான் கூட்டாட்சியோட எதிர்காலத்துல இருக்கேன். ஒரு வரி சிக்க மாட்டேங்குது."

அவளுக்கு வந்ததே கோபம். "எங்க ஊருக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியாதா சார்? எங்க பணத்தை எடுத்து எங்க தாகத்தைத் தீர்த்துக்க உங்க வாசல்ல வந்து நிக்கணுமா? பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் வலி தெரியும். அவங்க கையைக் கட்டிப் போட்டுட்டு, எங்கேயோ உக்காந்து மருந்து எழுதறீங்களே, இது என்ன நியாயம்?"

துணைச் செயலாளர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது. அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கையே வந்துவிட்டது.

"அருமை! அந்த மருந்து வரியை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாள். கோபத்தில் முன்னைவிட நன்றாகவே சொல்லித் தொலைத்தாள். அவர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டு, "பேச்சு முடியட்டும், உங்க விஷயத்தைக் கையோட பாத்துடறேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மறுபடியும் அதே ஆடும் நாற்காலி. எதிர்ச்சுவர்த் தொலைக்காட்சியில் முதலமைச்சர் எழுந்தார். மாகாணங்களின் பெருமையைப் பேசினார், தண்ணீர் குடித்தார், பிறகு மத்திய அரசைப் பார்த்து விரலை நீட்டினார். "எங்கள் பணத்தை எடுத்து எங்கள் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டுமா?" சபை அதிர்ந்தது. மருந்து வரிக்கு எதிர்க்கட்சிக்காரர்களே மேஜையைத் தட்டினார்கள். வாசல் உதவியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம மனசுல இருக்கறதை அப்படியே சொல்லிட்டாரும்மா!" என்றார். என் வாயில் இருந்ததை, என்று அவள் மனசுக்குள் திருத்திக்கொண்டாள்.

இதற்குமேலும் ஒரு மோட்டார் கிடைக்காதா என்ன? கிடைக்கும் என்றே நினைத்தாள், பாவம்.

துணைச் செயலாளர் மாலையில் கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்துக்கொண்டு வந்தார். மோட்டார் என்றதும் சிரிப்பு பாதியில் நின்றது. "அதான், பழசாகற வரைக்கும் ஏன் விட்டீங்கன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியேம்மா."

"சார், இப்பத்தானே முதலமைச்சர் பேசினாரு? பக்கத்துல இருக்கறவங்க கையைக் கட்டிப் போடக் கூடாதுன்னு?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். நடிப்பாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா? அது உரிமை. இது நடைமுறை."

தடதடவென்று படி இறங்கினாள். சத்தம் போட்டு அழலாம் போலவும் இருந்தது, யாரையாவது அறையலாம் போலவும் இருந்தது. கார் அருகே வந்தபோது நாத்தனார் மறுபடி அழைத்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கிணத்தைத் திறந்துட்டோம்."

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"உங்களைத்தான் கேட்டேன். நீங்க கூட்டம் வெக்கணும்னீங்க. இங்க ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. வேன்ல ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரலை. அந்தக் குழந்தை உங்க கூட்டம் முடியற வரைக்கும் பொறுத்திருக்குமா?" மறுமுனையில் மூச்சு வாங்கியது. "ஏன் திறந்தேன்னு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பணும்னா அனுப்புங்க அண்ணி. பதில் எழுதறேன்."

தலைவிக்குச் சுருக்கென்று தைத்தது. யாரைக் கேட்டுத் திறந்தே என்று கேட்ட குரல் இன்னும் காதிலேயே இருந்தது. அந்தக் குரலைத்தான் காலையிலிருந்து மேலே, இரண்டாம் மாடியில், கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அது கோட்டு போட்டிருந்தது, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

"என்ன குழந்தை?" என்றாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"சரி. கிணத்து மூடி இனிமே உன் பொறுப்பு. பூட்டு போட்டா சாவி உன்கிட்டயே இருக்கட்டும். என்னைக் கேக்காதே."

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். ஊருக்கா என்று டிரைவர் கேட்டார்.

"மோட்டார் கடைக்கு."

"அனுமதி கொடுத்துட்டாங்களாம்மா?"

"முதலமைச்சரே சபையில எழுந்து சொல்லிட்டாரு. நீங்க டிவி பாக்கல? வண்டிய எடுங்க, கடை மூடிடப் போறான்."