கீழ் அறையிலிருந்து வந்த எண்

நரீன் என்ற மலை நகரத்தில் கம்பளி வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டர்களைச் சமாத் என்ற இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கையால் நெட்வொர்க் முகவரி எண் கொடுத்து அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் சர்வரிடமிருந்து தானாகவே எண் பெறும்படி மாற்றிவிட்டுப் போனான். திங்கள் காலை பாதிப் பேரால் உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைப் போட்டால் சர்வரைக் காணோம் என்றது திரை.

"நல்லா ஓடிட்டிருந்ததக் கெடுத்துட்டு நிக்கிறியே," என்றார் மேலாளர் அசில்பெக். "வாசல்ல லாரி நிக்குது. பில் போடணும்."

"பாத்துட்டிருக்கேண்ணே."

சர்வரில் குறை எதுவும் இல்லை. நுழைய முடியாத கம்ப்யூட்டர் ஒன்றின் எண்ணைப் பார்த்தான். அவன் வகுத்த வரிசையே இல்லை அது. கட்டடத்துக்குள் வேறு ஏதோ ஒரு பெட்டி முந்திக்கொண்டு எண் கொடுக்கிறது. அதனிடம் வாங்கியவற்றுக்குச் சர்வர் இருக்கும் இடம் தெரியவில்லை. கையால் எண் போட்டிருந்தவரை எந்தக் கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டியைக் கேட்டதில்லை. அதனால் அது இருப்பதே வெளியில் வரவில்லை.

வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். நிலவறைக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேட்டபோது சரியான எண் வந்தது.

கீழே, பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் புருல்கான் போனும் கையுமாக நின்றிருந்தாள். ஹீட்டருக்குப் பின்னால், வீடுகளில் வைக்கும் வைஃபை ரவுட்டர் ஒன்று அந்த வயரில் செருகியிருந்தது.

"மாஸ்கோவுல மக இருக்கா தம்பி. கோழி ஆலையில வேலை. உள்ள போறப்ப போன வாங்கி வெச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் மொகத்தப் பாத்துக்குவேன். இங்க சிக்னல் வராதே."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா விட்டிருப்பியா?"

அந்தப் பெட்டி யாருக்கும் எண் கொடுக்காமல் இணைப்பு மட்டும் தரும்படி மாற்றினால் போதும். அதற்காகக் குனிந்தபோது அசில்பெக் படியிறங்கி வந்துவிட்டார்.

"இந்தப் பொட்டிதான் நம்ம உசிர எடுத்துச்சா?" என்று பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இதால தொந்தரவு வராமப் பண்ணிரலாம்ணே. மாத்துறதுக்கு முன்னாடி நாந்தான் தேடிப் பாத்திருக்கணும்."

"அப்ப ரெண்டு பேருமே விளக்கம் எழுதிக் குடுங்க."

சமாத் மேலே போய் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் புது எண் வாங்க வைத்தான். எல்லோரும் நுழைந்தார்கள். லாரி கிளம்பியது.

புருல்கான் கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்துப் பனியில் இறங்கினாள். போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசல்வரை நடந்தாள். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"பேசுனீங்களாக்கா?"

"உள்ள போயிட்டா," என்றாள். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.