இன்னும் ஒன்று வரும் வரை

அத்தான் எழுதிய மென்பொருள் மாற்றத்தைச் சரிபார்க்க என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். அவரே என்னைக் கேட்டு வாங்கினாராம்.

"என் மச்சினிக்குக் கழுகுக் கண்ணு, அவளே பாக்கட்டும்னாரும்மா" என்று மேனேஜர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை!

அதே மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. இந்த மாற்றம் இந்தத் தடவை உள்ள போயிடுச்சுன்னா உங்க அத்தானைக் காப்பாத்திடுவேன். இல்லைன்னா என் கையில ஒண்ணுமே இல்லைம்மா."

அக்கா வேலையை விட்டுவிட்டு நர்ஸிங் படிக்கிறாள். மூன்று பேர் இருக்கும் வீடு அத்தான் சம்பளத்தில்தான் ஓடுகிறது. என் சம்பளம் என் பஸ்ஸுக்கும் செருப்புக்கும் சரி.

எங்கள் வேலை இதுதான். ஒரு பெரிய கணினிக்குள் பல பொய்க் கணினிகள் வாடகைக்குக் குடியிருக்கும். அவற்றுக்கு வெளியே செய்தி அனுப்பும் நெட்வொர்க் கார்டு கிடையாது. இருப்பதுபோல் பாவலா காட்டுவது டிரைவர் என்கிற எங்கள் மென்பொருள். உள்ளிருந்து ஒரு பாக்கெட், அதாவது ஒரு துண்டுச் செய்தி, கிளம்பினால், பெரிய கணினிக்கு மணியடித்து, 'இந்தா, அனுப்பு' என்று கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் மணியடித்தால் நேரம் போகிறது என்று அத்தான் ஒரு வேலை செய்திருந்தார். சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரே ஒரு மணி. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் ஷேர் வண்டி மாதிரி. வரைபடத்தில் வேகக் கோடு ஜிவ்வென்று மேலே ஏறியிருந்தது. அத்தான்னா அத்தான்தான்!

பாதி படித்தபோதுதான் உறைத்தது. வண்டி நிறையவே இல்லை என்றால்?

சோதனைகள் எல்லாமே பாக்கெட்டை மழையாகக் கொட்டின. ஒன்றே ஒன்றை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிற சோதனை ஒன்றுகூட இல்லை. நானே எழுதினேன். ஒரு பாக்கெட். அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. பஃபர் நிறையும்வரை அனுப்பினேன். எல்லாம் சேர்ந்து தொபுக்கடீரென்று விழுந்தன.

ஏதோ ஒரு கிடங்கில் 'தீ' என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஓய்ந்துபோகும் கருவியை நினைத்தேன். அதன் செய்தி எங்கள் பஃபருக்குள் துணைக்கு ஆள் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

டைமர் வைத்துப் பார்த்தேன். நிறையாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடு என்று. பாக்கெட் போனது. வேகமும் போனது. கோடு பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. நேரத்தைக் கூட்டினால் செய்தி தாமதம், குறைத்தால் வேகம் காலி. எப்படித் திருப்பினாலும் இடித்தது. கடைசியில், 'இதை உள்ளே விட முடியாது' என்று கமெண்ட் எழுதிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

அத்தான் டீயோடு உட்கார்ந்திருந்தார். "என்னடி வாலு, என் பொழப்பைக் குதறிட்டியா?"

"எழுதியிருக்கேன் அத்தான். பாக்கலையா?"

"பாத்தேனே, சுத்தமா இருக்கு. ஒரு கமெண்ட்கூட இல்லை. நீயே வாயை மூடிக்கிட்டா அது தங்கம்தான்னு உங்கக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். ஒரே குதி! அடுத்த வருஷப் படிப்புக்கும் சேந்துடறேன்னுட்டா."

இருக்கைக்கு ஓடினேன். கமெண்ட் திரையில் இருந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'வரைவு'. எங்கள் கருவி கமெண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடைசியில் பொத்தானை அமுக்கினால்தான் மொத்தமாகப் போகும். நான் அமுக்கவில்லை. சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை.

பின்னாலேயே வந்த அத்தான் குனிந்து படித்தார்.

"ஒத்தப் பாக்கெட்டா..."

"டைமர் வச்சுப் பாத்தேன் அத்தான். ஆனா..."

"வேகம் போயிடும். இத்தனை நாளா அதோடதானே மல்லுக்கட்டறேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கமெண்டையே மறுபடி படித்தார்.

"தெரிஞ்சேதான் என்னைக் கேட்டு வாங்கினீங்களா? கழுகுக் கண்ணு, அது இதுன்னு?"

"நீ புதுசு. கோட்டைப் பாத்து மயங்கிடுவேன்னு நெனச்சேன். பின்னாடி தெரிஞ்சாலும் புதுப் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியது நினைவுக்கு வந்தது.

"அமுக்கு" என்றார்.

"நாளைக்கு அமுக்கறேனே. நீங்க மொதல்ல அக்காகிட்ட..."

"வச்சிருந்தா மட்டும்? தொணைக்கு இன்னொண்ணு வந்து சேரப்போகுதா?"

அமுக்கினேன். அவர் சட்டைப் பையில் போன் டிங் என்றது, என் கமெண்ட்தான். அவர் எடுத்துப் பார்க்கவில்லை. உடனே மறுபடி அடித்தது, இந்தத் தடவை நிற்காமல். எடுத்து என் மேஜையில் வைத்தார். திரையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க அத்தான்."

அடித்து ஓய்ந்தது. திரும்பவும் ஆரம்பித்தது.

"நீ சொல்லேன்டி" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.