தார்ப்பாய் மூடிய வெயில்

மச்சானின் சட்டையில் டீசல் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவிதான். துவைக்க எடுத்தவள் மோந்து பார்த்துவிட்டு, சட்டையை என் மூக்கருகே கொண்டுவந்து நீட்டினாள்.

"கரண்டு வேலைக்குப் போறவன் சட்டையில டீசலுக்கு என்ன வேலை?"

"லாரியில ஏறி வந்திருப்பான்."

"லாரியில வந்தா இப்படியா ஊறும்? நீ என்னமோ மறைக்கிற."

நான் எதையும் மறைக்கவில்லை. சட்டையை வாங்கி நானும் இன்னொரு முறை மோந்து பார்த்தேன்.

மச்சான் அவளுடைய தம்பி. வயரிங் வேலை பார்ப்பவன், எங்களோடுதான் இருக்கிறான். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை தொடங்கியபோது, அங்கே எனக்கு மண்வெட்டி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். பள்ளத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு. பக்கத்தில் வெயிலை வாங்கிக் கரண்டாக்கும் தகடுகள். அந்தக் கரண்டில் ஓட ஒரு மோட்டார். மேட்டில் எங்கள் தெரு முனையில் தொட்டி. திட்டம் இவ்வளவுதான். வேலையிடத்து வாசலில் நட்டிருந்த பலகையில் அதன் பெயர்தான் ரயில் நீளம். தேசிய எரிசக்தி என்று ஆரம்பித்து, குடிநீர்க் கட்டமைப்பு என்று வளர்ந்து, முழுவதும் அரசு நிதியில் என்று முடியும். சமீபத்தில்தான் படிக்கக் கற்றுக்கொண்ட நான் எழுத்துக்கூட்டிக் கடைசி வரிக்கு வருவதற்குள் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அந்தத் தொட்டி நிறைந்தால் எங்கள் வாசலில் குழாய். நிறையாவிட்டால் பழையபடி கீழே போய்ப் பிடித்து, படியேறிச் சுமக்க வேண்டும். என் மனைவிக்கு இடுப்பில் எலும்பு விலகியிருக்கிறது. இனிமேல் ஒரு குடம் தூக்கினாலும் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் மண் வெட்டிவிட்டு வந்து நான்தான் சுமக்கிறேன். நான் வரத் தாமதமானால் அவள் எனக்குத் தெரியாமல் தூக்கிவிடுவாள். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் குடத்துக்குத்தான் போகும். நிறைந்திருந்தால் அன்றைக்குச் சண்டை.

தகடுகளிலிருந்து மோட்டார் அறை வரை வயர் போகிற பள்ளத்தை வெட்டியவன் நான். வெட்டி முடித்ததும் சைட் இன்ஜினியர் தோளில் தட்டி, "நாளைக்கு வர வேணாம், ரெஸ்ட் எடு" என்றார். கூலிக்காரனுக்கு ரெஸ்ட் கொடுக்கிற இன்ஜினியரை நான் அதுவரை கண்டதில்லை. திரும்பிப் போனபோது பள்ளம் மூடியிருந்தது. இந்த முனையிலும் அந்த முனையிலும் தடித்த கறுப்பு வயர் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. ஆனால் வயர் புதைத்தால் அதன்மேல் மணல் கொட்டி, செங்கல் பரப்பி, பிறகுதான் மண் தள்ளுவார்கள். அதற்கென்று வந்த செங்கல் சுவரோரம் அடுக்கினது அடுக்கினபடியே இருந்தது.

டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டேன்.

"செங்கல்லு மிச்சமா மச்சான்?"

"ஆமா மாமா."

"எல்லாமேவா மிச்சம்?"

"டீயைக் குடி மாமா. ஆறுது."

வாயைத் திறந்தால் மூடாதவன், அன்றோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டான். மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த கிடங்குக்குப் புதிதாகப் பூட்டு வந்தது. சாவி மச்சான் இடுப்பில் தொங்கியது.

வீட்டில் சொன்னேன். மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி திருடனா?"

"சட்டையை மோந்து பாத்தது யாரு?"

"மோந்தது நான். திருடன்னு சொன்னது நீ. படிக்கக் கத்துக்கிட்டதுல இருந்து உனக்குக் கண்ணுல படறதெல்லாம் சந்தேகம்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று தம்பிக்குச் சோறு போடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மேலிடத்து அதிகாரி வருகிற நாள் வந்தது. மோட்டார் ஓடுவதைப் பார்த்து அவர் சரி என்று சொன்னால் மீதி நிதி இறங்கும். இறங்கியதும் காண்ட்ராக்டர் மூட்டை கட்டிவிடுவார். அதற்குப் பிறகு தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

தகடுகளில் தூசு படியாமல் இருக்கப் பெரிய தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். அதிகாரியின் கார் திருப்பத்தில் தெரிந்ததும் நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை அவிழ்த்து இழுத்துவிட வேண்டும். கயிறு கட்டியது மச்சான். எப்போதும் ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்குத்தான் போடுவான். அன்று நான் இழுத்தால் வரவில்லை. நனைத்து இறுக்கிய முடிச்சு. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"கத்தியைக் கொடு, அறுத்துடறேன்."

"அறுக்காத மாமா. வாடகைத் தார்ப்பாய். கிழிஞ்சா நம்ம தலையில கட்டுவாங்க."

அதற்குள் கார் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழித்தது. குடை பிடித்தபடி இறங்கிய அதிகாரி அம்மாவை இன்ஜினியர், "வெயில்ல நிக்க வேணாம் மேடம்" என்று நேராக மோட்டார் அறைக்கே அழைத்துப் போனார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த அம்மா சுவிட்சைப் போட்டார். வெளியே நீட்டியிருந்த குழாயில் தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா மேடம், எல்லாம் சூரியன் தயவு!" என்றார் இன்ஜினியர்.

அதிகாரி அம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு தார்ப்பாயைப் பார்த்தார். அதன் இரண்டு மூலையிலும் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார்.

"சூரியன் தயவு சரி. போர்வையை எடுக்காமயேவா?"

இன்ஜினியர் அப்போதுதான் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"பேட்டரி மேடம். நேத்து வெயிலைச் சேத்து வச்சிருக்கோம்."

"காட்டுங்க."

"அது… உள்ள பூட்டி இருக்கு."

"முதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க."

பாட்டு நின்றது. கிடங்குக்குள்ளிருந்து டுபுடுபு என்று சத்தம் நன்றாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பக்கத்துல மாவு மில்லு மேடம்."

"நல்லதாப் போச்சு. மில்லையும் பாத்துடலாம். சாவி யார்கிட்ட?"

மச்சான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தான். கிடங்கைத் திறந்தால் உள்ளே டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் தொய்ந்து, சொட்டி, நின்றுபோனது. அதிகாரி அம்மா கிளம்பிவிட்டார். நிதியும் அத்தோடு நின்றுவிட்டது. எங்கள் இருவருக்கும் அன்றே சீட்டுக் கிழிந்தது.

வழியில் கேட்டேன்.

"எப்பவும் போடற சுருக்கு இன்னிக்கு ஏன்டா போடலை?"

"அவசரம் மாமா."

"நனைஞ்சிருந்துச்சே?"

"கை கழுவிட்டு வந்து கட்டினேன்."

"கத்தியும் தரலை."

"வாடகைத் தார்ப்பாய் மாமா."

அவன் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தெருவில் எங்களைக் கரித்துக் கொட்டினார்கள். "எதுல ஓடினா உங்களுக்கென்ன? வந்த தண்ணியை மறிச்ச மவராசனுங்க!" என்று எதிர்வீட்டு அக்கா தினமும் காலையில் என் காதில் விழும்படி சொல்லுவார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு படி இறங்குவேன்.

பல மாதம் கழித்து வேறு காண்ட்ராக்டர் வந்தார். பலகையில் காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறியது. அதே பள்ளத்தை மறுபடி வெட்டினேன். மண்ணுக்கடியில் வயரே இல்லை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு முழம் வயரை நறுக்கிச் செருகியிருந்தார்கள். இந்த முறை ரெஸ்ட் கொடுத்தும் நான் எடுக்கவில்லை. வயர் இறங்குவதையும் செங்கல் பரப்புவதையும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு நாள் தெருவே கூச்சல் போட்டது. தண்ணீர் வந்துவிட்டதாம். வேறு இடத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மச்சானின் சட்டையை முதலில் மோந்து பார்த்தேன். வியர்வை நாற்றம் மட்டும்தான். அப்படியும் மனம் ஆறவில்லை. தொட்டிக்குப் போய் விளிம்பில் உட்கார்ந்தேன். மேலே வளைந்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் தடித்து விழுந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரில் ஓடினாலும் இப்படித்தான் விழும்.

உட்கார்ந்தே இருந்தேன். வெயிலை ஒரு மேகம் மறைத்தது. குழாயில் தண்ணீர் மெலிந்து நூலாக இறங்கியது.

"போச்சுடா, இதுவும் போச்சு!" என்று எதிர்வீட்டு அக்கா தலையில் கை வைத்தார். நான் சிரித்துவிட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மேகம் விலகியது. குழாய் மறுபடி இரைந்தது.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூலையில் குடம் நிறைந்திருந்தது.

"யாரு தூக்கினது?"

"யாரும் தூக்கலை. வாசல் குழாயில சொம்பு சொம்பாப் பிடிச்சு ஊத்தினேன். நம்பலைன்னா போய்த் தொட்டுப் பாரு."

போய்த் தொட்டுப் பார்த்தேன். குழாய் ஈரமாகத்தான் இருந்தது.