காரணம்: புள்ளி

1

இந்தக் கதை ஒரு விளம்பரக் குறிப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பணிமுறை மேலாண்மை மென்பொருளின் புதிய பதிப்பில் பதினான்கு புது வசதிகள் வந்திருப்பதாக அந்தக் குறிப்பு சொன்னது. யார் விண்ணப்பிப்பது, யார் ஒப்புதல் தருவது, அடுத்து எந்த மேசைக்குப் போவது என்று ஓர் அலுவலகத்தின் வேலைகளைக் கோத்துக் கொடுக்கிற மென்பொருள் அது. அதை விற்கிறவர்கள் அரைப் பக்கக் கட்டுரை கேட்டார்கள். அதைப் பயன்படுத்துகிற, லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில், ஒரு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கட்டுரை வரவில்லை. இதுதான் வந்தது.

2

முதல் வாக்கியத்துக்கே ஒரு வாரம் போயிற்று. அடைப்புக்குள் இருப்பவை எழுதி அடித்தவை.

[நகரம் கண்விழித்தபோது எண்ணூறு லிஃப்டுகள் மேலும் கீழும்—]

அந்த அறையில் ஜன்னலே கிடையாது. நகரம் விழித்ததா, புரண்டு படுத்ததா என்று அங்கே யாருக்கும் தெரியாது.

[மனிதன் இயந்திரத்துக்கு அடிமையாகிவிட்ட இந்தக் காலத்தில்—]

பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு அனுப்பலாம்.

[அவர் கண்களில் இனம்புரியாத சோகம்—]

சோகமெல்லாம் இல்லை. நன்றாக இனம்புரிந்த எரிச்சல்தான் இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மேசைக்கு உரியவரை எல்லோரும் ஒப்புதல் அக்கா என்று கூப்பிட்டார்கள். பழுது பார்க்க லிஃப்டை நிறுத்த வேண்டுமென்றால் மெக்கானிக்குகள் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அவர் படிவத்தை நிரப்புவார், மேலாளர் ஒப்புதல் தருவார், லிஃப்ட் நிற்கும். படிவத்தில் ஒரு பெட்டி: ‘காரணம் (கட்டாயம்)’. ஒரே நேரத்தில் நான்கு மெக்கானிக்குகள் போனில் கத்தும்போது காரணம் எழுத யாருக்கு நேரம்? ஒரு நாள் வெறும் புள்ளி வைத்து அனுப்பிப் பார்த்தார். படிவம் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து ஏழு வருடங்கள், எல்லாக் காரணமும் புள்ளிதான்.*

* அவருடைய விசைப்பலகையில் புள்ளியின் அச்சு தேய்ந்து அழிந்திருந்தது. கதைக்கு ரொம்ப வசதியான விவரமாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம். ஆனால் பார்த்தேன்.

3

புதிய பதிப்பை விளக்க வந்தவரை அக்கா ‘டெமோ’ என்றே அழைத்தார். ஐந்தாவது வசதியில் டெமோவின் முகம் மலர்ந்தது.

“மேடம், இனிமே மேலாளர் ஒப்புதலே வேண்டாம். உங்க பழைய பதிவு பதினோராயிரத்தையும் சிஸ்டம் படிச்சு வச்சிருக்கு. எது நியாயமான காரணம்னு அதுவே கத்துக்கிச்சு.”

“என்னத்தக் கத்துக்கிச்சு?”

“தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒரே மாதிரி காரணம். அது வந்தா உடனே ஒப்புதல்.”

“எந்தக் காரணம்?”

டெமோ திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். “ஒரு... புள்ளி மாதிரி இருக்கு மேடம்.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அட கடவுளே. சரி, நான் நிஜமா ஒரு காரணம் எழுதினா?”

“அது வழக்கத்துக்கு மாறானது. நிபுணர் குழுவுக்குப் போகும். அஞ்சு வேலை நாள். அதுவரைக்கும் லிஃப்ட் இருக்கிறபடியே ஓடும்.”

[இந்த இடத்தில் வாசகர் சிரிப்பார் என்று—]

நானும் சிரித்தேன். பத்து நாற்பது வரைக்கும்.

4

பத்து நாற்பதுக்குப் போன் வந்தது. மெக்கானிக், அக்காவின் கொழுந்தன். பதிவாகிற அலுவலக போனில் அவரை ‘மேடம்’ என்பான். இது சொந்த போன்.

“அண்ணி, பன்னிரண்டு மாடிக் கட்டடம். பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சு போச்சு. ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு விரல் கீழ போய் நிக்குது. நேத்து ஒரு விரல்தான்.”

அக்கா ஏழு வருடத்தில் முதல்முறையாகக் காரணம் எழுதினார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அழகாகவே எழுதினார்: ‘பிரேக் தேய்ந்துள்ளது, ஆட்கள் ஏறக் கூடாது.’

திரை பதில் சொன்னது: ‘வழக்கத்துக்கு மாறான காரணம். நிபுணர் குழுவுக்கு அனுப்பவா?’

அனுப்பாமல் மேலாளரைக் கூப்பிட்டார்.

“எனக்கு அந்த பட்டனே இல்லம்மா. எடுத்துட்டாங்க,” என்றார் மேலாளர், தன் நாற்காலியையே யாரோ எடுத்துவிட்டதுபோல.

மறுபடி கொழுந்தன். “அண்ணி, புள்ளியை வச்சுத் தொலைங்களேன்!”

“வச்சா ரெண்டு மணி நேரம் நிக்கும். அப்புறம் ‘வழக்கமான பராமரிப்பு, நலம்’னு எழுதிட்டு அதுவே ஓட்ட ஆரம்பிச்சுடும். முப்பது நாளைக்கு அந்த லிஃப்டுக்கு வேற படிவமே ஏத்துக்காது, நான் வாயே திறக்க முடியாது.”

“ரெண்டு மணி நேரத்துல லைனிங்கை மாத்திடறேன்.”

“லைனிங் ஸ்டோர்ல இருக்கு. பழுது எண் இல்லாம ஸ்டோர்க்காரர் கதவத் திறக்க மாட்டார். நலமா இருக்கிற லிஃப்டுக்குப் பழுது எண் எங்கேர்ந்து வரும்?”

“கதவுல ‘ஏறாதீங்க’ன்னு பேப்பர் எழுதி ஒட்டியிருக்கேன். ‘ஓடுதேப்பா’ன்னு சொல்லிட்டு ஏறுறாங்க அண்ணி.”

5

இங்கே நீங்கள் கேட்பீர்கள். மேல்மாடி மோட்டார் அறையில் ஒரு மெயின் சுவிட்ச் இருக்குமே, அதை அணைத்தால் என்ன?

நானும் கேட்டேன். ஒன்பதாவது வசதி: அனுமதியின்றி மூன்று முறை லிஃப்டை நிறுத்திய ஊழியரின் நுழைவு அட்டை தானாகச் செயலிழக்கும். அவரும் தானாக வேலையிழப்பார். கொழுந்தன் பேரில் ஏற்கனவே இரண்டு இருக்கிறது. அந்த வேலையை மேலாளரிடம் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவர் அக்காதான்.

(இந்தக் கொழுந்தன் மேல் எனக்குக் கொஞ்ச நாள் சந்தேகம். ரொம்ப நல்லவனாகத் தெரிகிறானோ? ஒரு வரைவில் அவனைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன். சோம்பேறியாக இருந்தாலும் லிஃப்ட் இரண்டு விரல் கீழேதான் நின்றது. அப்படியே விட்டுவிட்டேன்.)

6

முடிவுகள்.

அ. அக்கா புள்ளி வைக்கிறார். லிஃப்ட் மதியம் ஒரு மணி வரை நிற்கிறது. அதன்பின் நலமாக ஓடுகிறது. நலமாக, நலமா—

ஆ. அக்கா உண்மையை அனுப்புகிறார். நிபுணர் குழு ஐந்தாம் நாள் கூடி, அவரைப் பாராட்டி ஒரு கடிதம்— யாருக்கு? அதற்குள் கட்டடத்தில் யார் யார்—

இ. அக்கா “அணைச்சுடு” என்கிறார். அவன் அணைக்கிறான். மாலையில் அவன் வீட்டுக்கு வருகிறான், அண்ணன் ‘ஏண்டா சீக்கிரம் வந்துட்ட’ என்று கேட்க, அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு—

மூன்றையும் அன்றே, அந்த ஸ்டூலிலேயே, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில்.

“அண்ணி, நான் மோட்டார் ரூம்லதான் நிக்கிறேன்,” என்றது போன். “கை சுவிட்ச் மேலதான் இருக்கு. சொல்லுங்க, அணைக்கவா?”

“இருடா. ஒரு நிமிஷம் இரு.”

“கீழேர்ந்து யாரோ கூப்பிட்டுட்டாங்க. கயிறு ஓடுது.”

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க வந்ததுலேர்ந்து எழுதிக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சம் வாயத் திறந்து சொல்லுங்களேன். என்ன செய்யட்டும்?”

ஆளுக்கு மூன்று முடிவு எழுதத் தெரிந்த எனக்கு ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. என்னையும் மீறி உண்மையே வந்துவிட்டது. “முடிவை வாசகர்கிட்ட விட்டுடலாம்னு இருக்கேன்மா.”



“நல்லது. விடுங்க,” என்றார் அக்கா. “அவங்க யோசிச்சுச் சொல்ற வரைக்கும் அந்த லிஃப்ட்ல யார் யார் ஏறணும்னும் அவங்களையே கேட்டுச் சொல்லிடுங்க.”